வண்டி இழுத்த கதையும் எழுதாத உறுதியும்

கொழும்பிலே ஆண்டு விழாக்களுக்குப் பஞ்சம் இல்லை. வெள்ளவத்தையில் ஒரு மண்டபம், கொட்டாஞ்சேனையில் ஒரு மண்டபம், இடையிலே பம்பலப்பிட்டியில் ஒன்று. எங்கேனும் ஒரு பெரியாரின் படத்துக்கு மாலை சூட்டப்படாத வாரம் அரிது. மருதானையிலிருந்து எழுதும் எம்மையும் அன்பர்கள் மறவாது அழைக்கின்றனர், நாமும் போகின்றோம். விளக்கேற்றல், தேவாரம், தலைவருரை, வாழ்த்துரை, சிறப்புரை என்று எல்லாம் முறைப்படி நடைபெறும். சிறப்புரையாளர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து தொண்டையைச் செருமியவுடனேயே, முன்வரிசையில் வீற்றிருக்கும் ஓய்வுபெற்ற உத்தியோகத்தர்கள் அடுத்து வரவிருப்பது யாதென்று அறிந்துகொள்வர். சேர் பொன்னம்பலம் இராமநாதனின் வண்டியைச் சிங்களத் தலைவர்கள் இழுத்த கதை வரும்.

கதை பொய்யன்று. 1911இல் படித்த இலங்கையருக்கென ஒதுக்கப்பட்ட சட்டசபை ஆசனத்துக்கு நடந்த தேர்தலிலே, சிங்களவரான மார்க்கஸ் பெர்னாண்டோவை விடுத்து, தமிழரான இராமநாதனை வாக்காளர் தெரிவு செய்தனர். 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது ஆங்கிலேயர் இராணுவச் சட்டம் பிறப்பித்துச் சிங்களத் தலைவர்களைச் சிறையில் அடைத்தனர். அவர்களுக்காகச் சட்டசபையிலே வாதாடியவரும், போர் நடந்துகொண்டிருந்த காலத்திற் கடல் கடந்து இலண்டன் சென்று முறையிட்டவரும் இராமநாதனே. அவர் மீண்டபோது குதிரைகளை அவிழ்த்துவிட்டு மனிதர் தம் தோளால் வண்டியை இழுத்தனர். நன்றியின் அடையாளமாக அது நடந்தது. மறுப்பார் இல்லை.

ஆயினும் அக்கதையை எமது மருதானையில் வாழும் முஸ்லிம் அன்பர் ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். அவர் முகம் மலராது. அந்தக் கலவரத்தில் அடிபட்டோர் அவருடைய பாட்டனார் காலத்து மக்கள். இராமநாதனின் வாதம் தம்மவரின் காயத்தைச் சிறிதாக்கியது என்ற மனத்தாங்கல் அவர்களிடம் நெடுங்காலம் நின்றது. ஒரே நாளை இரு வீட்டார் இரு வகையாக நினைவு கூர்கின்றனர் என்பதை எமது சிறப்புரையாளர்கள் ஏனோ சொல்வதில்லை.

நாம் கேட்க விரும்புவது வேறொன்று. வண்டி இழுத்த பின் நடந்தது என்ன? இராமநாதனின் தம்பியார் சேர் பொன்னம்பலம் அருணாசலம், 1919 டிசம்பரில் இலங்கைத் தேசிய காங்கிரசைத் தோற்றுவித்து அதன் முதல் தலைவராக அமர்ந்தார். அதற்கு முன்னரே, 1918இல், மேல் மாகாணத்திலே தமிழருக்கு ஓர் ஆசனம் ஒதுக்குவதை ஆதரிப்போம் என்று ஜேம்ஸ் பீரிசும் ஈ. ஜே. சமரவிக்கிரமவும் அவருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்திருந்தனர். அந்தக் கடிதத்தை நம்பியே யாழ்ப்பாணத்தார் காங்கிரசினுட் புகுந்தனர். 1921இல் சீர்திருத்தம் வந்தது. ஆசனம் வரவில்லை. அருணாசலம் காங்கிரசை விட்டு வெளியேறினார். 1924 ஜனவரியில் மதுரையிலே காலமானார். வண்டி இழுத்த தோள்களுக்கும் கைவிட்ட கைகளுக்கும் இடையே ஆறு ஆண்டுகள்கூட முழுமையாகச் செல்லவில்லை.

இதிலே சிங்களத் தலைவர்களை மாத்திரம் குறை கூறுவதிற் பயனில்லை. சட்டத்தில் ஏறாத கடிதத்தை உறுதியென நம்பியது எமது குற்றம்.

கமக்காரரான எமது வாசகர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்திலே பத்துப் பரப்புத் தோட்டக் காணிக்கு உறுதி முடிக்கும்போது நொத்தாரிசு எதை எழுதுகிறார்? நாற்றிசை எல்லையை எழுதுகிறார். அதனோடு நில்லாமற் கிணற்றிற் பங்கையும், துலாவுக்கும் மிதிக்கும் உரிய இடத்தையும், வழி வாய்க்காற் பாத்தியதையையும் ஒவ்வொன்றாக எழுதுகிறார். பக்கத்துக் காணிக்காரர் மைத்துனராக இருக்கலாம். நேற்றுவரை ஒரே பந்தியில் உண்டவராகவும் இருக்கலாம். அதற்காக எவரேனும் "கிணற்றுப் பங்கை எழுத வேண்டாம், அவர் நல்லவர்" என்று சொல்லுவரோ? அவர் நல்லவரே. அவருடைய மருமகன் எப்படிப்பட்டவனோ, யார் அறிவார்!

எமது தேசவழமையின் வரலாறும் இதையே காட்டுகிறது. ஒல்லாந்தர் ஆண்ட காலத்தில், 1707இல், கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் திசாவை யாழ்ப்பாணத்து வழக்கங்களைக் கேட்டறிந்து தொகுத்தார். பன்னிரண்டு தமிழ் முதலியார்கள் அதனைப் பார்வையிட்டுச் சரியென ஒப்பினர். 1806இல் ஆங்கிலேயர் அதற்குச் சட்ட வலுக் கொடுத்தனர். ஒல்லாந்தர் போயினர், ஆங்கிலேயரும் போயினர், சோல்பரி அரசியல் திட்டம் வந்து மறைந்தது, இரண்டு குடியரசு அரசியலமைப்புக்கள் வந்தன. தேசவழமை இன்றும் நீதிமன்றத்திலே பேசப்படுகிறது. நல்ல வழக்கங்கள் எல்லாச் சாதியாரிடமும் எல்லா ஊர்களிலும் இருந்தன. அவற்றுட் பல போன இடம் தெரியவில்லை. இது எழுதப்பட்டதனாலும், ஆண்டோர் மாறியபோதெல்லாம் மறுபடி ஒப்புக்கொள்ளப்பட்டதனாலும் நின்றது.

நாம் பழைமைவாதிகள் என்று சிலர் ஏசுகின்றனர். ஏசட்டும். பழையது என்பதற்காக எதையும் நாம் தலையிற் சுமப்பதில்லை. நீண்ட காலம் பழகி, அடிபட்டு, திருத்தப்பட்டு, எழுத்திலேறிய விதியை ஓர் இரவில் உடைக்கலாகாது என்பதே எமது கட்சி. அந்தக் கண்ணாடியைக்கொண்டே ஆண்டு விழாக்களை நோக்குகின்றோம்.

துடுப்பாட்ட அன்பர்கள் பெரிதும் போற்றும் நாளொன்று உண்டு. 1948 மார்ச் 27. இங்கிலாந்துக்குக் கப்பலிற் சென்றுகொண்டிருந்த பிராட்மனின் அவுஸ்திரேலிய அணி கொழும்பில் இறங்கி, தமிழ் யூனியன் கழகத்தின் ஓவல் மைதானத்திலே ஒருநாள் ஆடியது. இலங்கை அணிக்குத் தலைவர் மகாதேவ சதாசிவம். முந்திய ஆண்டு சென்னைச் சேப்பாக்கத்திலே தென்னிந்திய அணிக்கெதிராக 215 ஓட்டங்கள் எடுத்த அதே சதாசிவம். சிங்களவரும் பறங்கியரும் அடங்கிய அணிக்கு ஒரு தமிழர் தலைவர். மைதானமோ 1899இல் தொடங்கிய தமிழர் கழகத்துக்குரியது. எதிரே உலகின் முதல்வரான ஆட்டக்காரர். சுதந்திரம் கிடைத்து இரண்டு மாதங்கள் நிறையவில்லை. அந்நாளை எண்ணி வெள்ளவத்தை முதியவர்கள் கண்கலங்குவதில் வியப்பென்ன?

அந்த ஆட்டத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. பந்து எதிர்பார்த்ததற்கு முன்னரே வந்து சேருவதாக ஐயம் எழுந்து ஆடுகளத்தை அளந்தனர். இருபத்திரண்டு கஜம் இருக்க வேண்டிய இடத்தில் இருபது கஜமே இருந்தது! யாரும் சூழ்ச்சி செய்யவில்லை, அளந்தவர் தவறு. பிராட்மன் எடுத்த ஓட்டங்களும் இருபதே. அந்நாளிலிருந்து இன்றுவரை இதைச் சொல்லிச் சிரிக்காத துடுப்பாட்டக்காரர் இல்லை.

எமக்குச் சிரிப்பு வருவதில்லை. அதே 1948ஆம் ஆண்டிலே நாடு முழுவதற்கும் விரிக்கப்பட்ட ஆடுகளமும் குறைவாகவே அளக்கப்பட்டிருந்தது. சோல்பரி அரசியல் திட்டத்தின் 29ஆம் பிரிவு, ஓர் இனத்தாருக்கோ சமயத்தாருக்கோ மட்டும் பாதகமான சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றலாகாது என்றது. நல்ல வேலிதான். ஆனால் அந்த ஆண்டு முடியுமுன்னரே குடியுரிமைச் சட்டம் வந்தது. மறு ஆண்டு தேர்தற் சட்டம் திருத்தப்பட்டது. 1947இல் ஏழு பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மலைநாட்டுத் தமிழர், 1952இல் ஒருவரையும் அனுப்ப இயலாதவராயினர். கோடாக்கன் பிள்ளை வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில்வரை சென்றது. 1953இல் அம்மன்று, இது ஓர் இனத்துக்கு எதிரான சட்டமன்று, குடியுரிமையை வரையறுக்கும் சட்டமே என்று தீர்த்தது. வேலியில் இடைவெளி இருந்தது. அதனூடாக ஒரு சமூகமே வெளியே தள்ளப்பட்டது. அவ்வேளை எமது வடபுலத்துப் பிரதிநிதிகளுட் சிலர் அரசாங்கத்தின் பக்கம் நின்றனர் என்பதையும் ஆண்டு விழாக்களிலே சொல்ல வேண்டும். தமது காணியின் வேலியல்லவென்று அவர்கள் எண்ணியிருக்கலாம்.

எட்டு ஆண்டுகளின் பின் அவர்களுடைய வேலியும் அசைந்தது. 1956 ஜூன் 5ஆம் நாள் தனிச்சிங்கள மசோதா பாராளுமன்றத்துக்கு வந்தது. காலிமுகத்திடலிலே சத்தியாக்கிரகம் இருந்தோர் தாக்கப்பட்டனர். அதனை எமது வாசகர் நன்கறிவர். அறியாத இளைஞர்க்காக அதன் பின் நடந்த வழக்கொன்றைச் சொல்கின்றோம். வழக்கறிஞர்களே இப்பொழுது அதனை மறந்துவருகின்றனர்.

கோடீஸ்வரன் என்ற அரசாங்க எழுதுவினைஞர் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்றவில்லை. அவருடைய சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. அவர் ஊர்வலம் போகவில்லை, கல்லெறியவில்லை, நீதிமன்றம் சென்றார். 1964இலே கொழும்பு மாவட்ட நீதிபதி ஓ. எல். டி கிரெற்சர், அரசகரும மொழிச் சட்டம் 29ஆம் பிரிவுக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார். நீதிபதி பறங்கியர், வழக்காளி தமிழர், சட்டம் ஆங்கிலேயர் எழுதியது. 1967இல் உயர் நீதிமன்றம், அரசாங்க ஊழியர் சம்பளத்துக்காக அரசின்மீது வழக்கிட முடியாது என்ற ஒரு நுணுக்கத்தைப் பற்றிக்கொண்டு அத்தீர்ப்பை நீக்கியது. 1969 டிசம்பரில் பிரிவிக் கவுன்சில் அந்த நுணுக்கத்தை நிராகரித்து, அரசியல் திட்டம் பற்றிய வினாவை ஆராயும்படி உயர் நீதிமன்றத்துக்கு வழக்கைத் திருப்பி அனுப்பியது. அந்த வினாவுக்கு இறுதி விடை கிடைக்கவேயில்லை. 1971இலே செனற் சபை ஒழிந்தது; பிரிவிக் கவுன்சிலுக்கான மேன்முறையீடும் ஒழிந்தது; 1972 மே 22ஆம் நாள் குடியரசு அரசியலமைப்பு வந்து 29ஆம் பிரிவையே அழித்தது.

அந்த அரசியலமைப்பை ஆக்கிய அமைச்சர் யார்? கொல்வின் ஆர். டி சில்வா. 1956இலே ஒரு மொழியைத் திணித்தால் நாடு இரண்டாகும் என்று பாராளுமன்றத்தில் எச்சரித்த அதே கொல்வின்! புரட்சிக்காரரின் அறிவுக்கூர்மையில் எமக்கு என்றும் மதிப்புண்டு. அவர் கையில் அழிப்பானைக் கொடுப்பதிலேதான் அச்சம்.

இனி இசைக்கு வருவோம். 1925 டிசம்பர் 16ஆம் நாள் கொழும்பிலே வானொலி ஒலிபரப்புத் தொடங்கியது. எட்வேர்ட் ஹாப்பர் என்ற தந்தி இலாகாப் பொறியியலாளர் அதற்குக் காரணர். 2025 டிசம்பரில் நூறாண்டு நிறைந்தது. 1949இல் அது ரேடியோ சிலோன் ஆயிற்று. தமிழ் வர்த்தக ஒலிபரப்பு எழுந்தபின் எஸ். பி. மயில்வாகனத்தின் குரலைக் கேட்கத் தமிழகத்துத் தேநீர்க் கடைகளிலே கூட்டம் நின்றது. திருச்சியிலும் தஞ்சையிலும் இன்று எண்பது வயதை எட்டிய பெரியவர்கள் எம்மைக் கண்டதும் முதலில் விசாரிப்பது அரசியலையன்று; இலங்கை வானொலியையே.

அந்தப் புகழுக்கு எமது திறமை பாதிக் காரணம். மறு பாதி டெல்லியின் அவசரம். 1952இல் இந்திய ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி. வி. கேஸ்கர், சாஸ்திரீய சங்கீதத்தைக் காக்கும் நோக்குடன் திரைப்பாடல்களை அகில இந்திய வானொலியிலிருந்து அகற்ற முற்பட்டார். நோக்கம் உயர்ந்ததே. நாமும் சாஸ்திரீய சங்கீதத்தின் அடியார்கள்தாம். ஆயின் கேட்போர் என்ன செய்தனர்? பெட்டியின் திருகை முறுக்கிக் கொழும்பைப் பிடித்தனர். 1957 அக்டோபரில் டெல்லியே விவித பாரதியைத் தொடங்கி, அகற்றிய பாடல்களைத் திரும்ப அழைத்துக்கொண்டது. மரபைக் காக்க வந்தவரும் கட்டளையால் காக்க முயன்றால் இதுவே கதி. எமது பழைமைவாத நண்பர்கள் இதனைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இதற்கும் முன்னர், 1947 ஜனவரி 21ஆம் நாள், முதலாவது சிங்களப் பேசும்படம் கொழும்பு கிங்ஸ்லி படமாளிகையில் வெளியாயிற்று. தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர், இசையமைத்தவர் நாராயண ஐயர், படமாக்கியது தென்னிந்தியாவில். அதன் சிங்களப் பெயருக்குப் பொருள், முறிந்த வாக்குறுதி. பெயர் வைத்தவர்கள் சோதிடர்களல்லர்.

நாட்டுப் பண்ணின் கதை இன்னும் துன்பமானது. சாந்திநிகேதனத்திலே பயின்ற ஆனந்த சமரக்கோன் இயற்றி இசையமைத்த பாடல் அது. பண்டிதர் மு. நல்லதம்பி அதனை அதே மெட்டிலே தமிழாக்கினார். 1949 பெப்ரவரி 4ஆம் நாள், சுதந்திரத்தின் முதலாண்டு நிறைவில், கொழும்பு டொரிங்டன் சதுக்கத்திலே அது சிங்களத்திலும் தமிழிலும் பாடப்பட்டது. 1951இல் அரசாங்கம் அதனை முறையாக ஏற்றது. பின்னர் பிரதமர் ஒருவர் குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். மற்றொருவர் சுடப்பட்டு இறந்தார். பாட்டின் தொடக்கம் அமங்கலமானது என்று எவரோ கூற, 1961இலே, இயற்றியவரின் மறுப்பையும் பொருட்படுத்தாது முதலடியை மாற்றினர். 1962 ஏப்ரலில் சமரக்கோன் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவர் சிங்களவர், பாட்டு சிங்களப் பாட்டு. எழுதிய ஒன்றை அவசரக்காரர் உடைக்கத் தொடங்கினால் அவர்கள் இனம் பார்ப்பதில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

தமிழ்ப் பாடல் அரசாங்கத்தின் சுதந்திர தின விழாவிலிருந்து காலப்போக்கில் மறைந்தது. 2016 பெப்ரவரி 4இல் மீண்டும் ஒலித்தபோது, புதிய ஆபத்தொன்று வந்துவிட்டதெனத் தென்னிலங்கையிற் சிலர் கூக்குரலிட்டனர். 2020இலே விழாவிலிருந்து மறுபடி அகற்றினர். மரபைக் காப்போம் என்று முழங்குவோரே அகற்றினர் என்பதுதான் வேதனை. ஐயா, மரபு எது? 1949இல் நடந்தது மரபா, 2020இல் நடந்தது மரபா? 1978 அரசியலமைப்பின் தமிழ்ப் பதிப்பைப் புரட்டி மூன்றாம் அட்டவணையைப் பார்க்கட்டும். அங்கே அச்சாகியிருப்பவை தமிழ்ச் சொற்களே.

எழுதாத வழக்கமெல்லாம் இனியதென்று எவரும் மயங்க வேண்டாம். அமெரிக்கரின் பேஸ்போல் ஆட்டத்திலே கறுப்பினத்தாரைப் பெரிய அணிகளிற் சேர்க்கலாகாது என்று எந்த விதிப்புத்தகமும் கூறவில்லை. கனவான்களின் உடன்பாடு என்ற பெயரால் அரை நூற்றாண்டுக்கு மேலாக அது காக்கப்பட்டது. 1947 ஏப்ரல் 15ஆம் நாள் ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் அணிக்காகக் களமிறங்கியபோது அந்தக் கட்டு அறுந்தது. சதாசிவம் சேப்பாக்கத்திலே புகழ் பெற்ற அதே ஆண்டு. அமெரிக்கர் அந்த நாளை எவ்வாறு நினைவு கூர்கின்றனர்? 1997இலே ராபின்சனின் 42ஆம் இலக்கத்தை எல்லா அணிகளிலிருந்தும் விலக்கி, இனி எவருக்கும் கொடுப்பதில்லை என்று விதி செய்தனர். ஆண்டுதோறும் ஏப்ரல் 15ஆம் நாள் மாத்திரம் ஆடுவோர் அனைவரும் அந்த இலக்கத்தையே அணிகின்றனர். விழாவோடு விதியும் உண்டு. எமக்கு விழா மட்டுமே.

எமது நாட்டிலும் ஒரு முறை விதி ஒழுங்காக நடந்தது. அதனையும் சொல்லாவிட்டால் நியாயமன்று. 1995 டிசம்பரில் மெல்போர்ணிலே முத்தையா முரளிதரனின் பந்துவீச்சு எறிதல் என்று நடுவர் டரல் ஹெயர் கையை நீட்டினார். 1999 ஜனவரியில் அடிலெயிட்டிலும் வேறொரு நடுவர் அவ்வாறே செய்தார். அணித் தலைவர் அர்ச்சுன ரணதுங்கா தம் வீரர்களை எல்லைக் கோடுவரை நடத்திச் சென்று நின்றார். கண்டிப் பகுதித் தமிழ் இளைஞர் ஒருவருக்காகச் சிங்களத் தலைவர் ஒருவர் உலகின் முன் நின்ற காட்சி அது. வண்டி இழுத்த கதைக்குச் சற்றும் குறைந்ததன்று. ஆனால் முரளிதரனைக் காத்தது அந்த நல்லெண்ணம் மட்டுமன்று. முழங்கை வளைவைப் பொறிகளால் அளந்தனர். மற்றப் பந்துவீச்சாளரையும் அளந்தனர். பெரும்பாலோர் கைகள் ஓரளவு வளைகின்றன என்று கண்டனர். 15 பாகைவரை அனுமதி என 2005இல் எல்லோருக்கும் பொதுவாக எழுதினர். அளந்தபின் எழுதினர், எழுதியபின் மாற்றினர். 2010 ஜூலையிலே காலியில் அவர் 800ஆவது விக்கெட்டை எடுத்தபோது, அந்த எண்ணிக்கையைச் சட்டத்தின் பெயரால் மறுக்க எவருக்கும் இடமிருக்கவில்லை.

இதற்கு நேர்மாறானதைக் கமக்காரர்கள் தம் வயிற்றிலே அனுபவித்தனர். 2021 ஏப்ரலில் நாடு முழுவதும் இயற்கை வேளாண்மைக்கு மாறும் என்று சனாதிபதி கோட்டாபய ராஜபக்ச அறிவித்தார். மே மாதத்தில் வர்த்தமானி வந்தது; இரசாயனப் பசளை இறக்குமதி நின்றது. மாற்றுப் பசளை எங்கே, எவ்வளவு, எந்தப் போகத்துக்கு என்ற வினாக்களுக்கு விடையில்லை. கிளிநொச்சி வயலிலும் அனுராதபுர வயலிலும் நெற்பயிர் ஒரே மஞ்சள் நிறம் கொண்டது. அந்த மஞ்சளுக்கு இனமும் இல்லை, மொழியும் இல்லை. நவம்பரிலே தடையை நீக்கினர். அதற்குள் பெரும்போக விதைப்பு நடந்துகொண்டிருந்தது. 2022 ஜனவரியில் நெற்செய்கையாளருக்கு நட்டஈடு தருவதாக அறிவிக்க நேர்ந்தது. தன்னிறைவு பெற்றிருந்த நாடு அரிசிக்குப் பிறநாட்டை நாடியது. இயற்கைப் பசளையை நாம் பழிக்கவில்லை. ஆட்டெருவும் குழைத்தாழ்வும் எமது பாட்டன்மார் அறிந்தவையே. அவற்றையும் மெல்ல மெல்ல, ஒரு மூலையிற் செய்து பார்த்தே அவர்கள் பழகினர்.

எமது கட்சிக்காரர் சிலர் இவ்விடத்திற் கைதட்டுவர். அவர்களுக்கு உவப்பில்லாத ஒன்றையும் சொல்லி வைக்கின்றோம். 1970க்குப் பின்னர் இறக்குமதித் தடை நிலவிய ஆண்டுகளிலே யாழ்ப்பாணத்து மிளகாயும் வெங்காயமும் பொன் விலை விற்றன; ஓட்டு வீடுகள் எழுந்தன; பிள்ளைகள் படித்தனர். 1977இலே சந்தை திறக்கப்பட்டது. திறந்தது தவறென்று நாம் கூறோம். பூட்டிய நாட்டிலே பாணுக்கு வரிசையில் நின்ற கொழும்பு மக்களுக்கு அது வேண்டியிருந்தது. ஆனால் வெங்காயத்தை நம்பிக் கிணறு ஆழமாக்கி, இயந்திரம் வாங்கிக் கடன்பட்டவனுக்கு ஒரு போக அவகாசமும் கொடுக்கப்படவில்லை. சுதந்திரச் சந்தையின் பெயரால் வந்தாலும், இயற்கையன்னையின் பெயரால் வந்தாலும், ஓரிரவு வர்த்தமானி தோட்டக்காரனுக்கு ஒன்றே.

இப்பொழுது கையில் இருக்கும் உறுதியைப் பார்ப்போம். 1987 நவம்பரின் 13ஆம் திருத்தம் தமிழும் அரசகரும மொழியாகும் என்கிறது. மறு ஆண்டின் 16ஆம் திருத்தம் தமிழை நிர்வாக மொழியாகவும் எழுதி வைத்தது. எழுத்திலே குறைவில்லை. ஆயினும் எம்மவர் ஒருவர் சென்ற திங்கள் தலைநகரின் அலுவலகம் ஒன்றிலே கொடுத்த தமிழ்க் கடிதத்துக்குச் சிங்களத்தில் மறுமொழி வந்தது. அதனை வாசித்துச் சொல்ல அவர் வெள்ளவத்தையிலே ஒரு கடைக்காரரைத் தேடிப் போனார். மாகாண சபையும் உறுதியில் உண்டு. வட மாகாணத்துக்கு 2013 செப்டம்பரில் ஒரு முறை தேர்தல் நடந்தது. 2018 அக்டோபரில் அதன் ஆயுட்காலம் முடிந்தபின் ஆண்டுக்கொரு காரணம் கூறித் தேர்தலைப் பின்போட்டனர். வழக்கறிஞர் மொழியிற் கூறினால், உறுதி எம் பெயரில். ஆட்சி பிறர் கையில்.

புதிய அரசியலமைப்பு வருகிறது, அதிலே யாவும் தீரும் என்று ஒவ்வொரு தேர்தலிலும் கூறுகின்றனர். எமக்கு அந்த ஆவல் குறைந்துவிட்டது. 1972இலும் 1978இலும் புதியவை வந்தன. ஒவ்வொன்றிலும் பழைய எல்லைக்கல் ஒன்று காணாமற் போனது. இருப்பதை முதலில் நிறைவேற்றுக, பின்னர் குறைவதை எழுதுக என்கின்றோம். 13ஆம் திருத்தம் போதாது என்று எமது வாசகருட் பலர் கடிதம் எழுதுவர். போதாதென்பது எமக்கும் தெரியும். ஆனால் பத்துப் பரப்புக்கு வழக்கு நடக்கிறது என்பதற்காக, உறுதியிலுள்ள நான்கு பரப்பை எவரும் தரிசாக விடுவதில்லை. மாகாண சபைத் தேர்தலுக்கு நாட்குறிக்கும்படி கேட்பதும், தமிழ்க் கடிதத்துக்குத் தமிழில் மறுமொழி வராவிடின் மொழி ஆணைக்குழுவிலே எழுத்தில் முறையிடுவதும் இன்றே செய்யத்தக்கவை. ஆயிரம் முறைப்பாடுகள் கோவையில் ஏறினால், அடுத்த வழக்கறிஞருக்கு அவை சான்றாகும். கோடீஸ்வரன் ஒருவராகவே சென்றார்.

இதனை எழுதிக்கொண்டிருக்கையில் கொட்டாஞ்சேனையிலிருந்து ஓர் அழைப்பிதழ் வந்திருக்கிறது. பெரியார் ஒருவரின் நினைவு விழா. மாலை ஐந்து மணி. நாட்டுப் பண்ணும் தமிழிலே பாடப்படுமாம். மகிழ்ச்சி. பேச்சாளர் பட்டியலிலே கவிஞர் இருவர், பேராசிரியர் ஒருவர், முன்னாள் அமைச்சர் ஒருவர். சட்டத்தரணி ஒருவரும் இல்லை. கமக்காரரும் ஒருவர் இல்லை. அதனைக் குறிப்பிட்டு அமைப்பாளர்களுக்கு ஒரு கடிதம் எழுதியுள்ளோம். வண்டிக் கதைக்கு ஒதுக்கிய நேரத்திற் பத்து நிமிடம் குறைத்து அவர்களிருவருக்கும் கொடுக்க முடியுமா என்று கேட்டிருக்கின்றோம். மறுமொழி எதுவாயினும், நாம் ஐந்து மணிக்கு அங்கிருப்போம்.